முன்னால் சொல்லும் எச்சரிக்கையும் பின்னால் கேட்கும் கேள்வியும்

கேள்வி:

எனக்கு வயது 61. கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு மகள்கள், ஒரு மகன். இளைய மகளுக்கு 24 வயது. சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறாள், விடுதியில் தங்கியிருக்கிறாள். ஏழு வாரங்களுக்கு முன் அவளுடைய அலுவலகம் ஏற்பாடு செய்த இரவு விருந்து முடிந்ததும், அவளுக்கு மேல் பொறுப்பில் இருக்கும் ஒருவன் விடுதியில் இறக்கிவிடுவதாகச் சொல்லிக் காரில் அழைத்துச் சென்று, வழியில் வண்டியை நிறுத்தி அவளைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியிருக்கிறான். எங்கள் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு வந்து, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனவன் அவன்.

இரண்டு வாரங்களுக்கு முன்புதான் எங்களிடம் சொன்னாள். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: “அந்த நேரத்தில் அவனோடு தனியாக ஏன் காரில் ஏறினாய்?” அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. “நீங்களும் அவளையே குற்றவாளி ஆக்குகிறீர்கள்” என்கிறாள் மூத்தவள். அவனைத் தூக்கில் போட்டாலும் தகும் என்பதுதான் என் எண்ணம். ஆனால் வீட்டைப் பூட்டாமல் ஊருக்குப் போய்த் திருட்டுப் போனால், தப்பு திருடன்மேல்தான் என்றாலும், பூட்டிவிட்டுப் போயிருக்கலாமே என்று சொல்வதில் என்ன பிழை? ராத்திரியில் முன்பின் தெரியாத டிரைவர் வண்டியில் ஏறாதே, தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களோடு வா என்று படித்துப் படித்துச் சொன்னவன் நான். “கால் டாக்சி பிடித்து வந்திருந்தால் இது நடந்தே இருக்காது” என்று என் மைத்துனரும் சொல்கிறார். ஜாக்கிரதையாக இரு என்று பெற்றவன் சொல்வதே குற்றமா? இனிமேல் பெண் பிள்ளைகளிடம் எதுவுமே சொல்லக் கூடாதா? போலீசுக்குப் போனால் பெயர் கெட்டுவிடும் என்று மனைவி பயப்படுகிறாள். என்ன செய்வது என்று தெரியவில்லை.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

உளவியல் ஆலோசகர் பதில்:

மதிப்பிற்குரிய ஐயா,

முதலில் ஒரு விளக்கம். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது, இன்றைய குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவின்படி குற்றம் என்பதால், உங்கள் குடும்பத்தை யாரும் அடையாளம் காண முடியாதபடி கடிதத்தில் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கேள்வியின் சாரத்தில் கை வைக்கவில்லை.

ஜாக்கிரதையாக இரு என்று பிள்ளைகளிடம் சொல்வது குற்றமே இல்லை. ஆனால் இரண்டு வாரங்களுக்கு முன் உங்கள் மகளிடம் நீங்கள் கேட்டதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. எச்சரிக்கை என்பது ஒரு செயல் நடப்பதற்கு முன்னால், அதைச் செய்யவும் செய்யாமல் இருக்கவும் வாய்ப்புள்ள ஒருவரிடம் சொல்லப்படுவது. ஏழு வாரங்களுக்கு முன் ஏறிய காரிலிருந்து உங்கள் மகள் இனி இறங்கிக்கொள்ள முடியாது. ஆகவே அந்தக் கேள்வியால் அவளுக்குக் கிடைக்கக்கூடிய பாதுகாப்பு எதுவும் இல்லை. தன் நடத்தைக்கு அவள் கணக்குச் சொல்ல வேண்டும் என்ற எதிர்பார்ப்பு மட்டுமே அதில் மிஞ்சியது, அவள் காதில் விழுந்ததும் அதுதான். உங்கள் மனத்தில் இருந்தது பதற்றம் என்பதை உங்கள் கடிதத்திலிருந்து நான் புரிந்துகொள்கிறேன். கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு அந்தப் பதற்றம் விசாரணையாகவே கேட்டிருக்கும்.

இப்போது உங்கள் கடிதத்தை நீங்களே ஒருமுறை திரும்பப் படித்துப் பாருங்கள். தெரியாத டிரைவர் வண்டியில் ஏறாதே, தெரிந்தவர்களோடு வா என்பது நீங்கள் சொல்லிக்கொடுத்த பாடம். அவள் அதைத்தான் செய்தாள். ஒரே அலுவலகத்தில் வேலை செய்பவன், பொறுப்பில் இருப்பவன், பெற்றோருக்கு அறிமுகமானவன், வீட்டுப் பந்தியில் சாப்பிட்டவன் என்று உங்கள் விதிப்படி நம்பத்தக்க எல்லாத் தகுதிகளும் அவனுக்கு இருந்தன. அவள் உங்கள் சொல்லைக் கேட்டு நடந்துகொண்டாள் என்பதைக் குறிப்பிட்ட அடுத்த வரியிலேயே, கால் டாக்சியில் வந்திருக்க வேண்டும் என்ற மைத்துனரின் கருத்தையும் எழுதியிருக்கிறீர்கள். அவள் கால் டாக்சியில் வந்து, அந்த ஓட்டுநர் இதைச் செய்திருந்தால், “தெரிந்தவர் கூப்பிட்டபோது ஏன் போகவில்லை?” என்ற கேள்வி இதே வீட்டில் எழுந்திருக்கும் என்பதை நீங்கள் மறுக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். விளைவு தெரிந்த பிறகு திருத்தி எழுதப்படும் விதியை முன்கூட்டியே கடைப்பிடிக்க எவராலும் முடியாது. அந்த இரவு, அந்த நேரத்தில் அவளுக்குத் தெரிந்திருந்தவற்றை மட்டும் வைத்துப் பார்த்தால், அவள் எடுத்த முடிவில் பிழை காண இடமில்லை. நிகழ்தகவு நடத்தியவர் நீங்கள். ஒரு முடிவு சரியானதா என்பதை அதன் விளைவை மட்டும் வைத்து அளக்கக் கூடாது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நம் வீடுகளில் சொல்லப்படும் பாதுகாப்பு அறிவுரைகளில் பெரும்பாலானவை தவறான இடத்தைக் காட்டுகின்றன என்பது என்னுடைய முதன்மையான குறை. இருட்டு, தனிமை, முகம் தெரியாத ஆள், உடை என்ற நான்கையும் சுற்றியே அவை வருகின்றன. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கைகளில், பதிவான பாலியல் வன்கொடுமை வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு ஏற்கெனவே தெரிந்தவராக இருக்கிறார்: குடும்பத்தார், உறவினர், அண்டை வீட்டார், நண்பர், வேலை கொடுத்தவர் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. திருமணம் செய்துகொள்வதாக ஏமாற்றியதாகத் தொடரப்படும் வழக்குகளும் இந்தக் கணக்கில் சேருகின்றன என்பதையும், இவை காவல் நிலையம்வரை வந்த வழக்குகள் மட்டுமே என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டுதான் இந்த விகிதத்தைப் படிக்க வேண்டும். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், அந்நியனைப் பற்றி மட்டுமே எச்சரித்துவிட்டுத் தெரிந்தவனை நம்பச் சொல்லும் அறிவுரை ஆபத்தை வாசலுக்கு வெளியே மட்டும் தேடுகிறது என்பது மாறாது.

இன்னொன்றும் இருக்கிறது. எல்லா விதிகளையும் கடைப்பிடித்த பெண்ணுக்கும் புதிதாக ஒரு விதி கண்டுபிடிக்கப்படும். 2024 டிசம்பர் 23 அன்று அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நடந்ததை நீங்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அந்த மாணவி இருந்தது தான் படிக்கும் பல்கலைக்கழக வளாகத்துக்குள். நேரம் இரவு எட்டு மணியை ஒட்டி. தனியாகவும் இல்லை, கூட ஒரு நண்பர் இருந்தார். வெளியிலிருந்து வந்த ஒருவன் நண்பரை அடித்து விரட்டிவிட்டு, மிரட்டி, அந்தக் கொடுமையைச் செய்தான். ஊர் சுற்றாதே, நேரத்தோடு திரும்பு, தனியாகப் போகாதே என்ற மூன்றுக்கும் உட்பட்டே அவர் இருந்தார். அப்படியும் சிலர் கேட்டது, ஆண் நண்பரோடு அங்கே என்ன வேலை என்றுதான். முதல் தகவல் அறிக்கையே பாதிக்கப்பட்டவரைக் குறை சொல்லும் தொனியில் எழுதப்பட்டிருந்ததைச் சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. அந்த அறிக்கை இணையத்தில் கசிந்ததற்காக 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கவும், பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் மூவர் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழு விசாரிக்கவும் உத்தரவிட்டது. அந்த மாணவி சம்பவத்துக்கு மறுநாளே புகார் கொடுத்தார். 2025 ஜூன் 2 அன்று சென்னை மகிளா நீதிமன்றம் குற்றவாளிக்கு, 30 ஆண்டுகளுக்குக் குறையாமல் தண்டனைக் குறைப்பின்றி அனுபவிக்க வேண்டிய ஆயுள் தண்டனை விதித்தது. அங்கே ஏன் போனார் என்று அவரை மடக்கிய கேள்விகளால் இதில் எதுவும் நடக்கவில்லை. அந்தக் கேள்விகளையும் மீறி அவர் புகாரில் உறுதியாக நின்றதால் நடந்தது.

பூட்டாத வீட்டைப் பற்றிச் சொன்னீர்கள். இந்த விவாதத்தில் எல்லோரும் எடுக்கும் உவமை இதுதான் என்பதால் சற்று நின்று பார்க்கலாம். வீடு பூட்டியிருந்ததா என்று திருட்டுக் கொடுத்தவரிடம் காவலர் கேட்பது உண்டு. ஆனால் பூட்டவில்லை என்று பதில் வந்தால், நகையை நீங்களே விரும்பிக் கொடுத்தீர்களோ என்று அடுத்த கேள்வி வருவதில்லை. நான்கு மாதங்களுக்கு முன் வேறொருவருக்குக் கடன் கொடுத்தீர்களே, ஆகவே உங்கள் பொருளைக் கொடுத்துப் பழக்கப்பட்டவர்தானே என்று எந்த வழக்கறிஞரும் வாதாடுவதில்லை. பறிகொடுத்தவர் அக்கம்பக்கத்தில் தலைகுனிந்து நடப்பதும் இல்லை. பாலியல் வன்முறையில் மட்டும், கவனக்குறைவு என்று தொடங்கும் பேச்சு நான்கே அடியில் சம்மதம் என்ற இடத்துக்குப் போய்விடுகிறது. தவிர, பூட்டுவதற்கு ஒரு வினாடி ஆகிறது, அதனால் வீட்டுக்காரர் எதையும் இழப்பதில்லை. ஒரு பெண் தன்னைப் பூட்டிக்கொள்ள வேண்டுமானால் இழக்க வேண்டியது வேலை, படிப்பு, நட்பு, நடமாட்டம் எல்லாவற்றையும். டெல்லிப் பல்கலைக்கழக மாணவர்களை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் கிரிஜா போர்கர், பாதுகாப்பான பேருந்து வழியும் ரயில் வழியும் வேண்டும் என்பதற்காகவே மாணவிகள் தங்கள் மதிப்பெண்ணுக்குக் கிடைக்கக்கூடிய நல்ல கல்லூரியை விட்டுவிட்டுத் தரம் குறைந்த கல்லூரியைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று காட்டியிருக்கிறார். இந்த விலை எந்த வீட்டு வரவு செலவுக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை.

நீங்கள் கேட்ட அதே கேள்வியை இந்த நாட்டின் நீதிமன்றங்களும் நெடுங்காலம் கேட்டுவந்தன. 1972-இல் மகாராஷ்டிரத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்துக்குள் ஒரு பழங்குடிச் சிறுமியைக் காவலர்கள் வன்முறைக்கு உள்ளாக்கிய வழக்கில், உடலில் காயம் இல்லை, கூச்சல் போடவில்லை என்பனவற்றைக் காரணமாக்கி 1978-இல் உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுதலை செய்தது. மறு ஆண்டு சட்டப் பேராசிரியர்கள் நால்வர் தலைமை நீதிபதிக்கு எழுதிய திறந்த மடலும், அதைத் தொடர்ந்த போராட்டங்களும் 1983-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்கு வழி செய்தன. பெண்ணின் ஒழுக்கத்தைக் கேள்விக்குள்ளாக்கி அவள் சாட்சியத்தை மதிப்பிழக்கச் செய்ய அனுமதித்த சாட்சியச் சட்ட விதியை நீக்க 2002-ஆம் ஆண்டுத் திருத்தம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2012 டிசம்பர் டெல்லிச் சம்பவத்துக்குப் பிறகு, நீதிபதி வர்மா குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து 2013-இல் வந்த சட்டம், உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அதைச் சம்மதம் என்று கொள்ளக் கூடாது என்று எழுதிவைத்தது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவிலும் அது இருக்கிறது. விபத்து வழக்குகளில், அடிபட்டவரும் ஓரளவு கவனக்குறைவாக இருந்தார் என்று இழப்பீட்டைக் குறைக்கும் வழக்கம் உண்டு. குற்றவியல் சட்டத்தில் அதற்கு இடமே இல்லை. காரில் ஏறியதற்காக அவன் செய்த குற்றத்தில் ஒரு பங்கு உங்கள் மகளின் கணக்கில் எழுதப்படாது. சட்டம் பல பத்தாண்டுகள் தடுமாறி வந்து சேர்ந்த இந்த இடத்துக்கு ஒரு குடும்பமும் வந்து சேர வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இந்தக் கேள்வி அன்பில்லாதவர்களின் வாயிலிருந்து மட்டும் வருவதில்லை. 1966-இல் மெல்வின் லெர்னர் என்ற உளவியலாளர் தம் சக ஆய்வாளரோடு வெளியிட்ட ஒரு சோதனை எங்கள் துறையில் புகழ்பெற்றது. ஒரு பெண் தவறான விடை சொல்லும்போதெல்லாம் மின்னதிர்ச்சி பெறுவதாகப் பார்வையாளர்களை நம்பவைத்தார்கள். உண்மையில் அது நடிப்பு. அவள் துன்பத்தை நிறுத்தும் வாய்ப்புக் கிடைத்தவர்கள் அவளைப் பற்றி அவ்வளவு மோசமாகப் பேசவில்லை. நிறுத்த வழியில்லாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியவர்கள்தான் அவளைத் தாழ்த்தி மதிப்பிட்டார்கள். ஒழுங்காக நடந்துகொள்பவர்களுக்குத் தீங்கு வராது என்ற நம்பிக்கையைக் காப்பாற்றிக்கொள்ள மனம் செய்யும் வேலை இது. உங்கள் கேள்வியின் அடியில் “இது தவிர்த்திருக்கக் கூடியது, ஆகவே இனி என் குடும்பத்துக்கு நடக்காது” என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளும் ஆறுதல் இருந்திருக்கலாம். அந்த ஆறுதலுக்கான விலையை உங்கள் மகள் கொடுக்கிறாள்.

அவள் தன்னைத் தானே குற்றம் சாட்டிக்கொண்டிருப்பாள் என்பதில் எனக்கு அதிகச் சந்தேகமில்லை. என்னிடம் வருபவர்களில் அப்படிச் செய்யாதவர்கள் அரிது. என் குணமே சரியில்லை என்று நினைப்பது தீங்கு, ஆனால் அன்று நான் செய்த செயல் சரியில்லை என்று நினைப்பது, அடுத்த முறை தவிர்க்கலாம் என்ற தெம்பைத் தரும் என்று 1979-இல் ஓர் உளவியலாளர் கருதினார். நீங்கள் சொல்ல வருவதும் ஏறத்தாழ இதுதான். பிறகு பாட்ரிசியா ஃப்ரேசியர் பாதிக்கப்பட்ட பெண்களைத் தொடர்ந்து கண்காணித்துச் செய்த ஆய்வுகள் அந்த எண்ணத்தை ஆதரிக்கவில்லை. நடந்ததைத் தடுத்திருக்கலாம் என்று நினைப்பவர்களின் துயரம் அதிகமாகவும், இப்போது என் மீட்சி என் கையில் இருக்கிறது என்று உணர்பவர்களின் துயரம் குறைவாகவும் இருந்தது. “அன்று ஏன் ஏறினாய்?” என்ற கேள்வி அவளை முதல் வகைக்குத் தள்ளுகிறது, “இப்போது உனக்கு என்ன வேண்டும்?” என்பது இரண்டாம் வகைக்கு இழுக்கிறது. ஆலோசனை அறையில் நான் செய்வதில் பாதி, இந்த ஒரு மாற்றத்தைச் செய்வதுதான்.

ஏன் கத்தவில்லை, ஏன் கதவைத் திறந்துகொண்டு ஓடவில்லை என்பதையும் யாராவது கேட்பார்கள், அல்லது அவளே தன்னைக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஸ்டாக்ஹோமில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கான அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 298 பெண்களிடம் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், 70 சதவீதத்தினர் அந்த நேரத்தில் கை கால் அசைக்கவோ குரல் எழுப்பவோ முடியாமல் உறைந்துபோன நிலையைக் குறிப்பிடத்தக்க அளவிலும், 48 சதவீதத்தினர் மிகக் கடுமையாகவும் அனுபவித்திருந்தார்கள். அச்சத்தின் உச்சத்தில் உடல் தானாகச் செய்யும் செயல் அது. விருப்பத்துக்கோ வீரத்துக்கோ அதில் பங்கில்லை. வன்கொடுமை செய்யும் நோக்கத்தோடு தாக்குபவனை உயிர் போகும் அளவுக்கும் எதிர்த்துத் தாக்கும் உரிமையைச் சட்டம் கொடுத்திருக்கிறது என்பது உண்மை. அது உரிமைதான், செய்யத் தவறினால் கேள்வி கேட்கத்தக்க கடமை அல்ல.

இனிமேல் எதுவுமே சொல்லக் கூடாதா என்று கேட்டீர்கள். எந்தப் பாதுகாப்பு அறிவுரையும் பெண்ணைக் குற்றம் சொல்வதுதான் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆபத்து இருக்கிறது என்று தெரிந்த பின்னும், உலகம் திருந்தும்வரை காத்திரு என்று ஒரு பதினெட்டு வயதுப் பெண்ணிடம் என்னால் சொல்ல முடியாது. அதைவிட முக்கியமாக, சரியான பயிற்சி பலன் தருகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. கனடாவில் சார்லீன் சென் என்ற உளவியல் பேராசிரியரும் அவர் குழுவும் மூன்று பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த 893 முதலாண்டு மாணவிகளை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான துண்டுப் பிரசுரங்கள். மற்றப் பிரிவினருக்கு மும்மூன்று மணி நேரம் கொண்ட நான்கு அமர்வுகள். ஓராண்டுக்குப் பிறகு பிரசுரம் பெற்றவர்களில் 9.8 சதவீதத்தினரும் பயிற்சி பெற்றவர்களில் 5.2 சதவீதத்தினரும் வன்கொடுமைக்கு ஆளாகியிருந்தார்கள். 2015-இல் வெளிவந்த இந்த முடிவு என் துறையில் பலருடைய கருத்தை மாற்றியது.

அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் இருட்டுக்கு முன் வீடு திரும்பு, துப்பட்டாவைச் சரியாகப் போடு என்ற வகைப் பாடம் எதுவும் இல்லை. ஆபத்து பெரும்பாலும் பழகிய ஆணிடமிருந்துதான் வரும் என்பதிலிருந்தே அது தொடங்குகிறது. அவன் எல்லை மீறத் தொடங்கும் அறிகுறிகளை எப்படி இனம் காண்பது, பழகியவன் ஆயிற்றே, மனம் நோகுமே என்ற தயக்கத்தை எப்படி உடைப்பது, எப்போது உரக்க மறுப்பது, எப்போது கை ஓங்குவது என்பவற்றைச் செய்துபார்த்துப் பழகுகிறார்கள். பயிற்சி பெற்றவர்களிடம், பாதிக்கப்பட்ட பெண்ணைப் பழிக்கும் மனப்போக்கும் குறைந்தது. நல்ல பாதுகாப்புக் கல்வி பழி சொல்லலைக் குறைக்குமே தவிர வளர்க்காது என்பதை இது காட்டுகிறது. பயிற்சி பெற்றவர்களிலும் நூற்றுக்கு ஐந்து பேருக்கு நடந்தது என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அவர்கள் பாடத்தைச் சரியாகப் படிக்கவில்லை என்று அந்த ஆய்வாளர்கள் யாரும் சொல்லவில்லை.

நம் பெண் பிள்ளைகளை இந்த வகையில் தயார் செய்ய நாம் முதலில் கைவிட வேண்டியது, நாமே ஊட்டிய பணிவை. பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே, வீட்டுக்கு வந்தவர் மனம் கோண நடக்காதே, மேலதிகாரியைப் பகைத்துக்கொள்ளாதே என்று இருபது ஆண்டுகள் சொல்லி வளர்த்துவிட்டு, அந்த மேலதிகாரி “ஏறிக்கொள், விட்டுவிடுகிறேன்” என்று சொல்லும் தருணத்தில் மட்டும் அவள் சட்டென மறுத்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். மறுத்துப் பேசுவதற்கான பழக்கம் வீட்டுக்குள், உங்களிடம்தான் தொடங்க வேண்டியிருக்கும். அதற்கு உங்கள் வீடு தயாரா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு ஒரு மகனும் இருக்கிறார். கடிதத்தின் முதல் பத்தியில் வந்தவர், பிறகு எங்கும் வரவில்லை. பெண் பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்று மட்டுமே கேட்டிருக்கிறீர்கள். மது அருந்திய தோழியை வீட்டில் விடப் போகும்போது எப்படி நடந்துகொள்ள வேண்டும், பதில் வராத மௌனத்தை ஏன் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, நண்பன் ஒருவன் எல்லை மீறுவதைப் பார்த்தால் ஏன் குறுக்கே நிற்க வேண்டும் என்பவை அவரிடம் பேசப்பட வேண்டியவை. இரவு விருந்து முடிந்து கிளம்பிய அந்தக் கூட்டத்தில் அவன் எப்படிப்பட்டவன் என்று கேள்விப்பட்ட ஓர் ஆணாவது இருந்திருப்பான் என்பது என் ஊகம், பெரும்பாலும் இருக்கிறான்.

இனி உங்கள் மகளிடம் என்ன சொல்வது என்பதற்கு வருகிறேன். அவள் உங்களிடம் வந்து சொன்னாள் என்பதன் அருமையை முதலில் உணருங்கள். 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, உடல் வழியாகவோ பாலியல் வழியாகவோ வன்முறைக்கு ஆளான பெண்களில் 77 சதவீதத்தினர் எந்த உதவியும் தேடவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. உதவி தேடியவர்கள் 14 சதவீதம் மட்டுமே. உங்கள் பிள்ளை அந்தப் பெரும்பான்மையில் சேராமல் ஐந்து வாரங்களில் பெற்றோரிடம் வந்து நின்றாள். ஆகவே அவள் கதவு நிரந்தரமாகச் சாத்தப்பட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். நேரில் போய், விளக்கம் எதுவும் சேர்க்காமல், “அன்று நான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது. உன்மேல் எந்தத் தவறும் இல்லை. நீ சொன்னதை நான் நம்புகிறேன்” என்று மட்டும் சொல்லுங்கள். “உன் நல்லதுக்காகத்தான் கேட்டேன்” என்பதைச் சேர்த்தால் முன் சொன்ன மூன்றும் வீணாகும். அவள் அழலாம், கோபப்படலாம், எழுந்து போகலாம். பதிலை அன்றே எதிர்பார்க்க வேண்டாம். தூக்கில் போட வேண்டும் என்ற பேச்சையும் அவள் முன்னால் குறைத்துக்கொள்ளுங்கள். அப்பா ஏதாவது செய்துவிடுவாரோ என்று அவரைச் சமாதானப்படுத்தும் வேலையும் அவள் தலையில் விழும்.

புகாரைப் பற்றி: அலுவலகம் ஏற்பாடு செய்த விருந்து என்பதாலும், அவன் மேல்நிலையில் இருப்பவன் என்பதாலும், பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இன் கீழ், விசாகா கமிட்டி என்று பலரும் அழைக்கும் உள்ளகப் புகார்க் குழுவிடம் புகார் கொடுக்க அவளுக்கு வழி இருக்கிறது. சம்பவம் நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதங்கள் நீட்டிக்கலாம். அவள் முடிவெடுக்க இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் அவகாசம் இருக்கிறது. விசாரணை நடக்கும்போது இட மாற்றமோ, மூன்று மாதம்வரை கூடுதல் விடுப்போ அவள் கேட்டுப் பெறலாம். அந்தக் கெடு காவல்துறைப் புகாருக்குப் பொருந்தாது. எந்த ஊர்க் காவல் நிலையத்திலும், சம்பவம் அந்த எல்லைக்குள் நடக்கவில்லை என்றாலும், புகாரைப் பதிவு செய்தாக வேண்டும். இத்தகைய குற்றத்தில் பதிவு செய்ய மறுக்கும் அதிகாரிக்கே சிறைத் தண்டனை உண்டு. பெயர் கெடும் என்ற உங்கள் மனைவியின் அச்சம் புரிந்துகொள்ளத்தக்கது. அடையாளத்தைக் காக்கும் சட்டப் பிரிவு அதற்காகவே இருக்கிறது, ஆனாலும் அது சில நேரங்களில் மீறப்படுகிறது என்பதை அண்ணா பல்கலைக்கழக வழக்கிலேயே பார்த்தோம். இரண்டையும் எடை போட்டு முடிவு செய்ய வேண்டியவள் 24 வயதான உங்கள் மகள். அவள் வேண்டாம் என்றால் இப்போதைக்கு வேண்டாம். முடிவு எதுவானாலும், அன்றைய தேதி, நேரம், ஓட்டல், கார் போன வழி ஆகியவற்றை அவள் நினைவில் உள்ளபடி எழுதிவைப்பதும், அதன் பிறகு அவன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வைத்திருப்பதும் நல்லது. இதை மூத்த மகள் மூலமாகச் சொல்லலாம். 181 என்ற மகளிர் உதவி எண்ணில் அழைத்தால், மருத்துவம், சட்டம், ஆலோசனை மூன்றையும் ஒரே இடத்தில் தரும் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழி சொல்வார்கள். தூக்கமின்மையோ வாழ்வே வேண்டாம் என்ற எண்ணமோ இருந்தால் 14416 என்ற மனநல உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது. இந்த எண்கள் உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும்கூடத்தான்.

கடைசியாக ஒன்று. உங்கள் மைத்துனருக்கு இந்த விவரம் எப்படித் தெரிந்தது என்று கடிதத்தில் இல்லை. மகளைக் கேட்காமல் நீங்களோ உங்கள் மனைவியோ சொல்லியிருந்தால், அதையும் அவளிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வேறு வழியில் அவளுக்குத் தெரிய வருவதைவிட அது நல்லது. இனி இதைப் பற்றி யாரோடும் பேச வேண்டாம், கால் டாக்சிப் பேச்சை அவள் காதுபட எடுக்க வேண்டாம் என்று மைத்துனரிடம் இன்றே நீங்களே பேசிவிடுங்கள்.